தம்பி, அந்த கம்ப்ளையன்ஸ் வேலை பற்றி

அன்புள்ள தம்பி,

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் கம்ப்ளையன்ஸ் வேலைக்கு, அதாவது வீரர்களும் கோச்களும் விதி மீறாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, போகலாமா என்று கேட்டிருந்தாய். சட்டம் படித்தவன், விதிப் புத்தகத்துக்குப் பயமில்லை என்றும் எழுதியிருந்தாய். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் டிவிஷன் (உயர்மட்டப் பிரிவு) விதிக் கையேடு 400 பக்கத்துக்கு மேல். அதை நீ படித்துவிடுவாய், சரி. ஆனால் பாதி வேலைகூட அதில் இல்லை.

நான் சேர்ந்த புதிதில் நடந்தது இது. கிராஸ் கன்ட்ரி (நெடுந்தூர ஓட்டம்) அணியில் ஒரு பையன் இரண்டாம் ஆண்டு முடிவில் உளவியலை விட்டுப் பொறியியலுக்கு மாறினான். நன்றாகப் படிக்கிறவன். ஆனால் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது, எந்தப் பட்டம் படிக்கிறானோ அதற்குரிய பாடங்களில் 40 சதவீதம் முடித்திருந்தால்தான் போட்டியில் இறங்கலாம். நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80. பழைய துறையில் எடுத்த பாடங்களில் பல புதிய பட்டத்துக்குச் செல்லவில்லை. ஆகஸ்டில்தான் அது எங்கள் கண்ணில் பட்டது. சொன்னபோது அவன் அழவில்லை. என் எதிரே குனிந்து உட்கார்ந்து, ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். அந்த சீசனில் அவன் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை.

ஏப்ரலிலேயே தெரிந்திருந்தால் கோடையில் இரண்டு பாடம் எடுக்கவைத்திருக்கலாம். அவன் எங்களிடம் வரவில்லை. ஏன் வருவான்? எங்கள் அறையை எல்லோரும் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி பார்த்தார்கள். நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன். இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

அதற்கப்புறம் காலை ஆறு மணிப் பயிற்சிக்குப் போய் ஓரமாக நிற்க ஆரம்பித்தேன். பெயர்கள் பழகின. இப்போது கோச்கள் இரவு பத்து மணிக்கும் கூப்பிடுகிறார்கள். சீசனில் பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான், நாளைக்கு நான்கு, ஒரு நாள் கட்டாய ஓய்வு. "எல்லோரும் உட்கார்ந்து வீடியோ பார்ப்பதும் கணக்கில் வருமா?" என்று கேட்பார்கள். வரும். நடத்திவிட்டுக் கேட்காமல், நடத்துவதற்கு முன்னால் கேட்கிறார்களே, அதில்தான் எனக்கு நிம்மதி.

உன் சட்டப் படிப்புக்கும் இப்போது நிறைய வேலை இருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றபின், கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். பத்தொன்பது வயதுப் பிள்ளை கையில் ஒப்பந்தத்தோடு வந்து நிற்கும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்களை நினைத்தால்தான் கவலை. நம்மூரிலிருந்து டென்னிஸ் ஆட வருகிறவர்களும் அதில் உண்டு. கூட ஆடும் அமெரிக்கப் பெண் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள் என்று, விசாவில் வந்தவளும் போட்டால் விசாவே போய்விடலாம். முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பார் என்று அவளிடம் சொல்ல ஒருவர் வேண்டும்.

ஆரம்பத்தில் சம்பளம் குறைவு, சனிக்கிழமைகள் மைதானத்தில் போகும். இருந்தாலும் விண்ணப்பம் போடு. நேர்காணலில் உன் முறை வரும்போது ஒன்று கேள்: இங்கே கோச்கள் உங்களை எப்போது கூப்பிடுகிறார்கள், முன்னாலா, பின்னாலா?

அன்புடன்,
அக்கா