டிபேரியஸ் காசு வாங்கப் போகிற மகனுக்கு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய ஏலப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். இரண்டும் ரோமானியப் பேரரசர் டிபேரியஸ் அடித்த வெள்ளிக் காசு, தெனாரியஸ்தான். ஒன்று பிளாஸ்டிக் பெட்டிக்குள் கிரேடு ஒட்டி இருக்கிறது, இன்னொன்று வெறும் காசு, விலையும் பாதி. எனக்கு அந்த வெறும் காசுதான் பிடித்திருக்கிறது.

கிரேடு என்பது காசு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குப் போடுகிற மதிப்பெண், அவ்வளவுதான். 1 முதல் 70 வரை போகும் அளவுகோலை அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் பழைய செப்பு சென்டுகளுக்காக வகுத்தார், அப்புறம் அது மற்ற நாணயங்களுக்கும் பரவியது. எந்திரத்தில் அடித்த நாணயங்கள் ஒன்றைப்போல ஒன்று இருப்பதால் எது குறைவாகத் தேய்ந்தது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ரோமானியக் காசில் அது நடக்காது. வெள்ளி வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து ஒரு ஆள் சுத்தியலால் அடித்தது அது, கை கொஞ்சம் நகர்ந்தாலும் பாதி எழுத்து விளிம்புக்கு வெளியே போய்விடும், ஒருநாள்கூட யார் கையிலும் புழங்காத காசாக இருந்தாலும் சரி. அதனால்தான் காசுகளைப் பார்த்துக் கிரேடு போட்டுப் பெட்டியில் அடைக்கும் என்ஜிசி நிறுவனம் பழங்காலக் காசுகளுக்குத் தேய்மானத்தைத் தனியாகச் சொல்லி, அடிப்புக்கு ஐந்துக்கு இத்தனை, பரப்புக்கு ஐந்துக்கு இத்தனை என்று பிரித்துப் போடுகிறது. நல்ல முறைதான். ஆனால் முழுதாகப் படிக்க வேண்டும். உன் பெட்டிக் காசில் விற்பவர் பெரிதாகப் போட்டிருப்பது தேய்மானத் தரத்தை மட்டும்; சீட்டில் பரப்புக்கு 2 என்று சின்னதாக இருக்கிறதே, பார்த்தாயா? மூக்குக்கு முன்னால் ஓடுகிற கீறல் அதுதான். இன்னொரு காசு நன்றாகப் புழங்கித் தேய்ந்தது, ஆனாலும் தலை நடுவில் விழுந்திருக்கிறது, பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண் கையில் கோலும் கிளையுமாக முழுதாக இருக்கிறாள், தலைமைப் பூசாரி என்ற பட்டமான 'பொன்டிஃப் மாக்ஸிம்' ஒரு எழுத்து விடாமல் படிக்க முடிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகஸ்டஸ், டிபேரியஸ் இருவரின் வெள்ளிக் காசுகள்தான் நம் கோயம்புத்தூர், கரூர் பக்கம் அதிகம் கிடைத்தவை. 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாக வந்தன, அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு. இனி புழங்கக் கூடாது என்று வெட்டியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. இப்படி ஒரு காசு கிரேடிங்குக்குப் போனால் அந்த வெட்டுக்காகவே மதிப்பெண் குறையும். எனக்கோ அந்தக் காசில் முதலில் பார்க்க வேண்டியதே அந்த வெட்டுதான், இந்த மண்ணில் அதை வாங்கிய ஒருவன் என்ன செய்தான் என்பதற்கு வேறு சாட்சி ஏது? சேதம் எது, வரலாறு எது என்பதை நீதான் பார்த்துப் பிரிக்க வேண்டும், சீட்டு பிரித்துத் தராது.

பெட்டியில் இருந்தால் போலியாக இருக்காது என்ற நம்பிக்கைக்கு நியாயம் உண்டு, நிபுணர்கள் பார்த்துத்தான் அடைக்கிறார்கள். ஆனாலும் அவர்களுடைய உத்தரவாதம் பழங்காலக் காசுக்கு எதுவரை பொருந்தும் என்று விதிகளைப் படித்துக்கொள். வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும், அதை அரம் போட்டு மறைத்திருப்பார்கள், எழுத்துகள் சோப்பில் செதுக்கியதுபோல மழுங்கி இருக்கும், பரப்பில் பொடிப்பொடியாகக் காற்றுக் குழிகள் தெரியும். உள்ளே செம்பு வைத்து வெள்ளி போர்த்திய காசுகளை அந்தக் காலத்திலேயே அடித்திருக்கிறார்கள், அதைப் பெரும்பாலும் எடை காட்டிக்கொடுக்கும். அதனால் ஏலக்காரரிடம் விளிம்புப் படமும் எடையும் கேள். டிபேரியஸ் தெனாரியஸ் 3.7 கிராமை ஒட்டி இருக்கும், மிகவும் குறைந்தால் விட்டுவிடு. முன்பு யாரிடம் இருந்தது, எந்த ஏலத்தில் வந்தது என்பதையும் எழுத்தில் வாங்கு, பின்னால் விற்கப் போனாலும் அந்தத் தாள் வேண்டும்.

பொங்கலுக்கு வரும்போது காசைக் கையோடு கொண்டு வராதே. நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள், இங்கிருந்து திரும்ப எடுத்துப் போவதில் சிக்கல் வரும். அதே காரணத்தால்தான் கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த பழங்காசு ஒன்று அனுப்பச் சொன்னாயே, அதுவும் முடியாது. வரும்போது அதை இங்கேயே உட்கார்ந்து பார்.

எடை வந்ததும் எனக்கு எழுது, அதற்கு முன்னால் ஏலம் கேட்காதே.

அம்மா