ரொட்டியை முதல் நாளே காயவை

அன்பு மகளே,

நேற்று போனில் ஸ்டஃபிங் பற்றிக் கேட்டாய், கோழிக்குள் அடைத்தோ தனியாகவோ ஓவனில் சுடுகிற அந்த பிரெட் ரொட்டிக் கலவையைப் பற்றி. கைவேலையாக இருந்ததால் அவசரமாக நாலு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் இரவெல்லாம் மனசு கேட்கவில்லை. பண்டிகை விருந்தை முதல் முறையாக உன் வீட்டில் நீயே சமைக்கப்போகிறாய். நானோ முக்கியமானதையே சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ரொட்டியை நன்றாகக் காயவைக்க வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு பண்டிகைக்கு அன்று வாங்கிய மெத்தென்ற ரொட்டியை அப்படியே வெட்டிப் போட்டேன். கோழி வேகவைத்த சாறு ஊற்றியதும் எல்லாம் கூழாகிவிட்டது. நீ ஒரு வாய் தின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டை நகர்த்தி வைத்தாய். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பழைய ரொட்டி போதும் என்பார்கள். இரண்டு நாள் கிடந்த ரொட்டி விறைப்பாக இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். மாவுச்சத்து இறுகுவதால் வரும் விறைப்பு அது. ஈரம் போக ஓவன்தான் வழி. 450 கிராம் ரொட்டியை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கித் தட்டில் பரப்பி, 135 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வை. நடுவில் ஒரு முறை புரட்டிவிடு. ஒன்றை உடைத்துப் பார்; நடுவிலும் மொறுமொறுவென்று இருந்தால் எடுத்துவிடலாம். இதை முதல் நாள் இரவே முடித்துவிடு.

மறுநாள் 100 கிராம் வெண்ணெயில் இரண்டு பெரிய வெங்காயம், மூன்று செலரித் தண்டு, இரண்டையும் பொடியாக நறுக்கிச் சின்னத் தீயில் வதக்கு. சிவக்க வேண்டாம், குழைந்தால் போதும். அவசரப்பட்டால் செலரி பச்சையாகக் கடிபடும். கடைசியில் வாசனைத் தழைகளான சேஜும் தைமும் சேர். காய்ந்த சேஜ் ஒரு டீஸ்பூனைத் தாண்டக் கூடாது, கசந்துவிடும்.

கோழிச் சாறு 600 மில்லி எடுத்துக்கொள். ரொட்டியோடு வதக்கியதைச் சேர்த்து, முதலில் முக்கால் பங்கு சாறு ஊற்றிக் கிளறிப் பத்து நிமிடம் விடு. ஒரு துண்டை அழுத்திப் பார். நடுவில் காய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்று. அடியில் சாறு தேங்கினால் அதிகம். இந்தக் கணக்கை உன் விரல்தான் சொல்லும், அளவுக் கோப்பை சொல்லாது. உப்பு பார்த்த பிறகு, சூடு ஆறியதும் இரண்டு முட்டை அடித்துக் கலந்துவிடு.

கோழிக்குள் அடைக்கட்டுமா என்று கேட்டாய். வேண்டாம்மா. பச்சைக் கறியின் சாறு ஸ்டஃபிங்கில் இறங்கும். அதன் நடுப்பகுதி 74 டிகிரி வரை சூடேறினால்தான் பயமில்லாமல் சாப்பிடலாம். அதுவரை வைத்தால் நெஞ்சுக்கறி காய்ந்துபோகும். தனிப் பாத்திரத்தில், 180 டிகிரியில், ஃபாயில் மூடி அரை மணி, திறந்து இருபது நிமிடம் வை. அதிலும் நடுவே 74 டிகிரி வந்திருக்க வேண்டும். மேலே பொன்னிறமாக முறுகும். நீயும் அண்ணனும் சண்டை போடுவீர்களே, அந்த மூலைத் துண்டு தனிப் பாத்திரத்தில்தான் வரும்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடு.

அன்றைக்கு ஃபாயிலை எடுத்ததும் எனக்கு ஒரு போன் போடு. மேலே எப்படி வந்திருக்கிறது என்று சொல், இன்னும் எத்தனை நிமிடம் விடலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா