ஊட்டிக்கு மொதல்ல போன ரோடு எங்க ரோடுதாங்க

ஆசிரியருக்கு வணக்கம்ங்க,

போன இதழ்ல ஊட்டி மலைப்பாதை பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா முழுக்க பர்லியார் குன்னூர் ரோடுதான், கோத்தகிரி ரோட்ட மாற்றுப்பாதைன்னு ஒத்த வரியில முடிச்சிட்டீங்க. கோபிக்காரனுக்கு அது மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

அது வெறும் மலைப்பாதை இல்லைங்க, மாநில நெடுஞ்சாலை 15. ஈரோட்டுல கிளம்பி சித்தோடு, கவுந்தப்பாடி, கோபி, சத்தி, சிறுமுகை, மேட்டுப்பாளையம்னு வந்து, கோத்தகிரி ஏறி ஊட்டி போய் சேருது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, கோபி நெல்லு வயலு, சத்தி மல்லி, சிறுமுகை பட்டு, கடைசில தேயிலைத் தோட்டம், எல்லாம் இந்த ஒரே ரோட்டு மேலதான். சின்ன வயசுல அப்பா கூட பஸ்ல போறப்ப வாசனைய வெச்சே எந்த ஊருன்னு சொல்லிடுவேன்.

வரலாறும் இந்தப் பக்கந்தான் மூத்தது. 1819ல கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து தங்கினது கோத்தகிரி பக்கத்துல இருக்கற திம்பட்டில. அப்புறம் 1821ல ஆரம்பிச்சு 1823க்குள்ள சிறுமுகைல இருந்து திம்பட்டிக்கு பாதை போட்டாங்க, குன்னூர் ரோடெல்லாம் அதுக்குப் பின்னாடி வந்ததுதான். இன்னைக்கு நாம போற ரோடு அச்சு அசலா அதே தடம்னு சொல்ல வரல, சல்லிவனுக்கு முன்னாடியே படுகர், கோத்தர், இருளர் மக்கள் நடந்து நடந்து உண்டான ஒத்தையடிப் பாதைங்களும் இருந்துச்சு, அதையும் யாராச்சும் எழுதணும். கோத்தகிரி பக்கத்துல கன்னேரிமுக்குல சல்லிவன் பங்களா இன்னும் நினைவிடமா நிக்குது, ஆனா ஊட்டி போற வண்டில நூத்துல ஒண்ணுகூட அங்க நிக்கறதில்ல.

இன்னொண்ணு. சீசன்ல ஒருவழிப்பாதை ஆக்கி குன்னூர் வழியா ஏத்தி கோத்தகிரி வழியா எறக்கி விடறாங்க, அப்ப பூரா கூட்டமும் இந்த ரோட்டுல இருக்கற குஞ்சப்பனை வழியாத்தான் வரும், அதுவும் பலா பழுக்கற நேரம், யானை ரோட்டுக்கே வரும். வண்டிய நிறுத்தி செல்ஃபி எடுக்கறதும் ஹாரன் அடிக்கறதும் பாத்தா வயிறு கலங்குது. செகண்ட் கியர்ல மெதுவா எறங்குங்க, யானையப் பாத்தா தள்ளி நின்னு வழி விடுங்கன்னு உங்க பத்திரிகைல பெருசா போடுங்க சார், நீங்க சொன்னா நாலு பேராவது கேப்பாங்க. கோத்தகிரி ரோட்டுக்குன்னு தனிக் கட்டுரை போடறதா இருந்தா ஈரோட்டுல இருந்தே ஆரம்பிங்க, மேட்டுப்பாளையத்துல இருந்து வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்