குறுகுறுப்பு ஞானம் இல்லை, பாப்பா

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். புருவ மத்தியில் குறுகுறுக்கிறது, விரல் நுனியில் மின்சாரம் மாதிரி ஓடுகிறது, யோகா வகுப்பில் 'குண்டலினி எழும்பிவிட்டது', அதாவது முதுகெலும்பின் அடியில் உறங்கும் சக்தி விழித்துவிட்டது என்கிறார்கள். இன்னொரு பக்கம் நீ கேட்கும் அத்வைத உரையில், ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்கிற அந்தப் பேச்சாளர் 'செய்ய ஒன்றுமே இல்லை, பயிற்சியை விட்டுவிடு' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்றாய். உரையாற்றுபவர் பேசுவது வேறு, வகுப்பில் பேசுவது வேறு. சக்தியை வளர்ப்பது ஒரு வேலை. அந்தச் சக்தியை 'என்னுடையது' என்று சொல்கிற ஆளைத் தேடுவது வேறொரு வேலை. முதலாவதில் வரும் அனுபவத்தை இரண்டாவதற்கு மார்க் போட எடுத்துக்கொண்டு போகாதே.

முதலில் அந்த மின்சாரம். நீ செய்யும் கபாலபாதி என்ற மூச்சுப் பயிற்சியில் வேகமாக மூச்சைத் தள்ளத் தள்ள, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். குறைந்தால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு வரும், தலை லேசாகக் கிறுகிறுக்கும், மிஞ்சினால் விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் சில நிமிடத்தில் போய்விடும். அப்படிப் போய்விட்டால், அதற்குக் குண்டலினி என்று பெயர் வைப்பானேன்? வேகத்தைக் குறை, அவ்வளவுதான்.

நெற்றிக் குறுகுறுப்பு பாதி நேரம் கண் தசையின் வேலை. உட்கார்ந்திருக்கும்போது மூடிய இமைமேல் விரலை மெல்ல வைத்துப் பார். கருவிழி உள்ளேயும் மேலேயும் ஏறியிருக்கும். நெற்றி சுருங்கியிருக்கும், பல்லும் கடித்திருப்பாய். ஆக்ஞையில், அதாவது புருவ மத்தியில், நினைவை வைப்பது என்றால் விழியை அங்கே திருகுவது இல்லை. விழி கீழே படுத்திருக்கட்டும். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே ஒரு அரிசி நுழையும் அளவு இடம் இருக்கட்டும். வேதாத்திரி மகரிஷி (1911-2006) வகுத்த முறையில் ஆக்ஞைத் தவத்தோடு சாந்தி தவமும் சேர்ந்தே வருவது சும்மா இல்லை. மேலே அழுத்தம் மிஞ்சினால் நினைவை முதுகெலும்பின் அடியில் உள்ள மூலாதாரத்துக்கு இறக்குவதற்குத்தான் அந்தச் சாந்தி தவம். ஏற்றத் தெரிந்து இறக்கத் தெரியாதவர்கள்தான் தலைபாரம், தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று அலைகிறார்கள்.

அடுத்தது அளவு. திருமூலர் சொன்னது பூரகம் (மூச்சை இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32. ஒரு எண்ணுக்கு ஒரு நொடி என்று வைத்தாலும் ஒரே மூச்சுக்கு 112 நொடி, கிட்டத்தட்ட 2 நிமிடம். அது மலை உச்சி. நீ இப்போது அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறாய்.

நீ செய்ய வேண்டியது இது. சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். வலது கையில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொள். கட்டைவிரல் வலது மூக்குக்கு, மோதிர விரல் இடது மூக்குக்கு. இடதில் 4 எண்ணி இழு, வலதில் 8 எண்ணி விடு. வலதில் 4 இழு, இடதில் 8 விடு. இது ஒரு சுற்று, 24 நொடி. 10 சுற்றுக்கு 4 நிமிடம்தான். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மூச்சை அடக்குவதே வேண்டாம். விட்டு முடித்ததும் அடுத்த மூச்சுக்கு 'ஹப்' என்று அள்ளுகிறாயா என்று பார். அள்ளினால் 8 உனக்கு அதிகம், 3-க்கு 6 என்று இறங்கு. மூக்கில் சத்தம் கேட்டாலும் இழுப்பு அதிகம் என்று அர்த்தம். அள்ளலே இல்லாமல் இரண்டு மாதம் போனால் 5-க்கு 10. கும்பகம் அதற்கும் பிறகு, 4 இழுத்து, 4 அடக்கி, 8 விடுவது என்று, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் இருந்தால் மட்டும். ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அடக்கவே கூடாது. உன் தோழிக்கும் சொல்லிவிடு.

இதில் என்ன கிடைக்கும்? மதியம் 3 மணிக்குக் கண் சொக்காது, கோபம் வருவதற்கு முன்னால் ஒரு நொடி இடைவெளி கிடைக்கும், படுத்ததும் தூக்கம் வரும். 'உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த்தேனே' என்ற திருமூலர் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் ராத்திரி 1 மணி வரை போனைத் தள்ளிக்கொண்டிருந்தால் காலையில் சேர்த்தது ஓட்டைப் பானைத் தண்ணீர்தான்.

இனி அத்வைதம். இதில் ரமணரைவிடத் தெளிவாகச் சொன்னவர் எனக்குத் தெரிந்து இல்லை. 1927-இல் எழுதிய உபதேச உந்தியார் என்ற பாடல் நூலில், மூச்சை அடக்கினால் வலையில் பட்ட பறவை போல மனமும் ஒடுங்கும் என்று ஒத்துக்கொள்கிறார். உடனேயே ஒடுக்கம் இரண்டு வகை என்று பிரிக்கிறார்: இலயம், நாசம். இலயத்தில் ஒடுங்கியது திரும்ப எழும், நாசத்தில் எழாது. நீ சொன்னாயே, 'அரை மணி நேரம் 2 நிமிடம் போலப் போச்சு, ஒண்ணுமே தெரியலை' என்று. அது இலயம். எழுந்து செருப்பை மாட்டும்போதே பழைய கவலை வாசலில் நிற்கும். நல்ல ஓய்வுதான், அதை ஞானக் கணக்கில் எழுதாதே.

அதற்காக மூச்சைத் தூக்கிப் போடவும் சொல்லவில்லை அவர். ஒடுங்கிய மனத்தை ஒரே வழியில் செலுத்தினால் அதன் உரு மாயும் என்பது அடுத்த பாட்டு. இரண்டு வேலைக்கும் நடுவில் இருக்கும் கதவு அதுதான். ஆகவே 10 சுற்று முடிந்து மனம் தெளிந்திருக்கும் அந்த 5, 10 நிமிடத்தைத் தூங்கிக் கழிக்காதே. எண்ணம் எழுந்தால் 'யாருக்கு?' என்று பார். 'எனக்கு' என்று வரும். அந்த 'நான்' எங்கிருந்து கிளம்புகிறது என்று திரும்பு. எண்ணமே எழாமல் இருந்தால், 'இந்த அமைதி யாருக்குத் தெரிகிறது?' என்று பார். இதில் எல்லாரும் செய்யும் தப்பு, 'நான் யார், நான் யார்' என்று ஜபம் போலச் சொல்வது. இன்னொன்று, 'நான் பிரம்மம்' என்று தானே விடையும் எழுதிவிடுவது. கேள்வி கவனத்தைத் திருப்ப மட்டும்தான். திரும்பியதும் வார்த்தையை விட்டுவிட வேண்டும். ஆபீசில் யாராவது கத்தும்போது இதே கேள்வி அரை நொடியில் நடந்தால், உட்கார்ந்து செய்த அரை மணிக்கு மேல்.

'செய்ய ஒன்றுமில்லை' என்பது முடித்தவர் பேச்சு. வாடகை கட்டாததற்கும் அம்மா போனை எடுக்காததற்கும் 'எல்லாம் மாயை' என்று சொல்ல ஆரம்பித்தால் நான் ரயிலேறி வந்துவிடுவேன்.

இந்த வாரம் கபாலபாதியை நிறுத்து. சூட்டுக்கு வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளி. அன்றைக்குப் பகலில் தூங்காதே, ரசம் சாதம் போதும். நெற்றி அழுத்தம் வந்தால் கண்ணைத் திறந்து, வெறுங்காலோடு பாதத்தில் நினைவை வைத்து 10 நிமிடம் நட. அப்படியும் ஒரு வாரம் தூக்கம் வராவிட்டாலோ, படபடப்பு நிற்காவிட்டாலோ குருவைத் தேடாதே, டாக்டரைப் பார்.

எண்ணிக்கை எங்கே முட்டுகிறது, எத்தனை மணிக்குத் தூக்கம் வந்தது என்று தினம் ஒரு வரி குறித்து, ஞாயிற்றுக்கிழமை அனுப்பு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: காலையில் காபி பயிற்சிக்குப் பிறகு. முன்னால் குடித்துவிட்டு 'மனம் ஓடுது' என்று எனக்கு எழுதாதே.