சுங்கானைச் செய்தவர் பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மலரில் பழம்பொருள் சேகரிப்போர் பற்றி வந்த கட்டுரையை ஆறுதலாக இருந்து வாசித்தேன். படமொன்றில் அழகான சுங்கான் ஒன்று, அதாவது புகையிலை நிரப்பிப் புகைக்கும் பைப் ஒன்று இருந்தது. யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, இன்று என்ன விலை போகும் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். செய்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கிராண்ட்பாஸ் பட்டறையொன்றில் காலமெல்லாம் லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில் நின்றவன் என்பதால் எனக்கு அது மனக்கஷ்டமாகிவிட்டது.

நான் புகைப்பதில்லை. சுங்கானும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். எவரையும் புகைக்கச் சொல்ல மாட்டேன். நான் எழுதுவது அந்த வேலையைப் பற்றி.

நல்ல சுங்கானுக்குரிய மரம் பிரையர். மத்தியதரைக் கடலோரத்துப் புதர் அது. வேருக்கும் தண்டுக்கும் நடுவில் திரளும் கட்டியைத்தான் வெட்டி எடுப்பார்கள். இலகுவில் கருகாது. கட்டையைப் பல மணிநேரம் அவித்து, சாறு இறங்கியதும் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் காயவிடுவார்கள். இவ்வளவுக்குப் பிறகும், கடையும்போது உள்ளே ஒரு குழி தெரிந்தால் கட்டை போயிற்று. பிரான்சின் சென் குளோட் என்ற சிறு நகரம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்தத் தொழிலால் பேரெடுத்தது.

கடைசல்காரன் கண் முதலில் போவது துளைக்குத்தான். புகை வரும் ஒடுங்கிய துளை, புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் அடியில், சரியாக நடுவில் வந்து திறக்க வேண்டும். சற்று மேலே ஏறினாலும் அடிப் புகையிலை எரியாமல் ஈரமாகத் தேங்கிவிடும். அடுத்தது பொருத்து. வாய்த்தண்டின் முனை மரத்துக்குள் இலேசான இறுக்கத்தோடு போக வேண்டும். கூட இறுகினால் மரம் வெடிக்கும், தளர்ந்தால் கழன்று விழும். இரண்டும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டவே கூடாது.

வெள்ளவத்தை ஐயா ஒருவர் தன் தகப்பனாரின் சுங்கானை ஒருமுறை கொண்டுவந்தார். பல் பட்டுப் பட்டு வாய்த்தண்டு ஓட்டையாகியிருந்தது. புதிதாக எபனைட்டில் கடைந்து கொடுத்தேன். ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து நெடுநேரம் சூடாக்கிச் செய்யும் பொருள் அது. உளி பட்டதும் பட்டறையே கந்தகம் மணக்கும். வெயில் பட்டால் பச்சையோடி மங்கிவிடும், அதனால் அலுமாரிக்குள் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த திருப்தி பெரிய மெஷின் உதிரிப்பாகங்கள் கடைந்தபோதும் கிடைத்ததில்லை.

டென்மார்க்கில் சுங்கான் செய்து பேரெடுத்த சிக்ஸ்டன் இவார்சன், உடைந்த தன் சுங்கானைத் திருத்தப் போன இடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். துளைகளைப் போட்டுவிட்டு வெளி உருவைக் கடைவதுதான் வழக்கம். அவரோ மரத்தின் ரேகை ஓடும் போக்கைப் பார்த்து உருவை முதலில் எடுத்து, துளையைப் பிறகு போட்டார். என்ன துணிச்சல்! கடைசியில் துளை பிசகினால் அத்தனை உழைப்பும் வீண். மகன் லார்ஸ், பேத்தி நன்னா என்று மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தின் பெயர் சுங்கான் செய்பவர்களிடையே மதிப்போடு சொல்லப்படுகிறது. சேகரிப்பவர்கள் முதலில் தேடுவதே செய்தவரின் முத்திரையைத்தான்.

நம் கொழும்பில் கைத்தொழில் செய்பவருக்கு இந்த மதிப்பு எங்கே? செட்டியார் தெருவில் ஒரு நகையை வாங்கினால் கடையின் பெயர் தெரியும், செய்த பத்தரின் பெயர் தெரியாது. ஆகவே ஞாயிறு மலரில் இவர்களுக்கென்று அரைப் பக்கம் ஒதுக்குங்கள். பெயர், படம், எந்தத் தெரு, எந்தப் பட்டறை, யாரிடம் தொழில் பழகினார் என்பதெல்லாம் வரட்டும். ஆட்களைத் தேடி அலையத் தேவையில்லை. கிராண்ட்பாஸிலும் மருதானையிலும் இன்னும் லேத்தில் நிற்பவர்களிடம் உங்கள் நிருபரை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். காலையில் அனுப்பினால் நல்லது. மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டால் அப்புறம் கதைக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.