செயலாளரின் ஆண்டறிக்கை: பயணியர் பெட்டிகளின் உள்வேலை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது மாதிரி ரயில் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இவ்வாண்டு எச்ஓ அளவு, அதாவது 1:87 விகிதப் பயணியர் பெட்டிகளின் உட்புறத்தை எடுத்துக்கொண்டோம். இருக்கையும் ஆள் பொம்மைகளும் வைத்து முடித்த பெட்டியில் விளக்கைப் போட்டதும்தான் குறைகள் தெரிந்தன. கூரை ஓரமும் சுவரும் காகித விளக்குப் போல ஒளிர்ந்தன. பிளாஸ்டிக் மெல்லியது, ஒளி ஊடுருவிவிடுகிறது. எனவே விளக்கு கடைசி வேலைதான் என்றாலும், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அதை மனத்தில் வைக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, உட்சுவரில் முதலில் பளபளப்பில்லாத கறுப்பு அடியுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு வெளிர் நிறம்.

நிஜத்தில் 45 செ.மீ. உயர இருக்கை இங்கே 5 மி.மீ.தான். ஆனால் போகி, அதாவது பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரத் தொகுதி, பொருத்தவும் எடைத் தகடு வைக்கவும் பல மாதிரிகளில் தரையை உயர்த்தியிருப்பார்கள். அதனால் உட்கார்ந்த ஆளின் தலை ஜன்னலின் மேல்விளிம்பில் போய் நிற்கும். முழங்காலுக்குக் கீழே காலை வெட்டிவிடுங்கள். வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. அதுவும் போதாவிட்டால் இருக்கையின் அடியைத் தேய்த்துக் குறைக்கலாம்.

ஆட்களை ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி, மூடிய பெட்டிக்குள் கண்ணாடியில் வெண்படலமாகப் படிகிறது. பிவிஏ வெள்ளைப் பசையில் ஒரு துளி போதும். காய நேரமாகும், ஆனால் ஆளை இடம் மாற்ற வேண்டுமென்றால் ஈரம் வைத்து எடுத்துவிடலாம்.

விளக்கு விட்டுவிட்டு எரிவதாக அதிகம் புகார் வந்தது. இரண்டு போகிகளிலிருந்தும் மின்சாரம் எடுத்து, பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (மின்சாரத்தை ஒரே திசையில் பாயவைக்கும் பாகம்) வழியாக, மின்சாரத்தைச் சற்று நேரம் சேமித்து வைக்கும் 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டருக்குக் கொடுத்தால், தண்டவாளத்தில் அழுக்குப்பட்ட இடத்தையும் எல்இடி அணையாமல் தாண்டும். கெபாசிட்டருக்குத் தொடராக 100 ஓம் ரெசிஸ்டர் அவசியம். அது இல்லாவிட்டால், பல பெட்டிகள் ஒரே நேரத்தில் மின்னேற்றம் பெறும்போது டிசிசி பூஸ்டர் (டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கருவி) அதை ஷார்ட் சர்க்யூட் என்று எண்ணி நின்றுவிடும். கெபாசிட்டரின் பிளஸ், மைனஸ் மாறவே கூடாது.

எடைக்கு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரையைப் பின்பற்றினோம்: 1 அவுன்சு, அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சு. 10 அங்குலப் பெட்டிக்கு 6 அவுன்சு, ஏறத்தாழ 170 கிராம். உள்வேலையின் எடையும் இதில் அடங்கும். அதை மறந்தால் ஏற்றத்தில் எஞ்சின் சக்கரம் வழுக்கும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். வரும் ஆண்டில், கூரையை ஒட்டாமல் கழற்றக்கூடியதாகவே வைக்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். விளக்கு பழுதானால் ஒட்டிய கூரையை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. அத்தீர்மானத்தையும் இந்த அறிக்கையையும் ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்