ஆண்டறிக்கை: முதியோர் வீட்டுப் பராமரிப்புப் பணி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதியவர்களைச் சங்கத்துக்கு வரவழைப்பதைக் குறைத்து, நாமே அவர்கள் வீட்டுக்குப் போவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அது சரியான முடிவு. மருத்துவமனையில் கண்ணில் படாத பல விஷயங்கள் வீட்டில்தான் தெரிகின்றன.

ஓர் அம்மாவின் மருந்துப் பையை நம் செவிலியர் மேசையில் கொட்டிப் பார்த்தார். வெவ்வேறு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டைகள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த மருந்து ஒன்றேதான். இரத்த அழுத்த மாத்திரை. இரண்டு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்ததை இரண்டு வேளையும் தவறாமல் போட்டிருக்கிறார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னபோதெல்லாம், வயசாகிவிட்டது அப்படித்தான் இருக்கும் என்று பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். மருத்துவர் ஒன்றை நிறுத்தியதும் தலைசுற்றல் குறைந்தது. நாமாக எந்த மாத்திரையையும் நிறுத்துவதில்லை. பட்டியல் எழுதி மருத்துவருக்கு அனுப்புவதோடு சரி.

கீழே விழுந்து இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் போகிற வீட்டிலெல்லாம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்கிறோம். 14 வினாடிக்குள் முடியவில்லை என்றால் இயன்முறை மருத்துவரிடம் அனுப்புகிறோம். கழிப்பறையில் கைப்பிடி, போகும் வழியில் இரவு விளக்கு, இவையும் நடந்தன. அக்டோபர் 1 முதியோர் நாள் கூட்டமும் வழக்கம்போல் நடந்தது.

பராமரிப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமலிருக்க, பெரும்பாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டியிருக்கிறது. இரவிலும்தான். அதை ஒரே மகளோ மருமகளோ மாதக்கணக்கில் செய்கிறார். "யாராவது ஒரு மத்தியானம் வந்து உட்காருங்கள், நான் தூங்கிக்கொள்கிறேன்" என்றுதான் ஒருவர் கேட்டார். பணமோ பொருளோ கேட்கவில்லை. அதன் பிறகுதான் மத்தியான மாற்றுப் பணியைத் தொடங்கினோம். அவர் உடம்பு விழுந்தால் வீட்டில் இரண்டு நோயாளிகள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இந்தப் பணிக்குத்தான் ஆள் போதவில்லை. புரட்டுவதற்கும் தூக்குவதற்கும் பயிற்சி கொடுக்கச் செவிலியர் தயாராக இருக்கிறார். வரும் ஆண்டு நிதியில் முதல் ஒதுக்கீடு இதற்கே இருக்க வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. மத்தியானம் ஒதுக்கக்கூடிய உறுப்பினர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம். வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்